பூட்டிய வீடுகளுக்கு விளக்கு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தை எப்படித் தயாரிப்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது, கைபேசியில் செயலி இருக்கிறது, அதுவும் புரியாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் இருக்கிறார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பாதி கூட்டங்களிலேயே கழிந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை காலி டம்ளர்களைத் தவிர வேறு எதையும் மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி அது. பெயர் வேண்டாம். பேருக்குத்தான் கிராமம். ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மாட்டுக் கொட்டகையும், மறுபக்கம் பனியன் கம்பெனிகள், நிட்டிங் மெஷின் சத்தம், தோட்டத்து மூலையில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் ஒற்றை அறை வீடுகளைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அந்த வீடுகளில் இருப்பவர்கள் தேனி, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

திட்டம் போடுவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்து, எங்கே என்ன தேவை என்று எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு குழு போகும். குழு எப்போது போகும்? அலுவலகம் திறந்து, கையெழுத்துப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போகும். அதாவது வெயில் நன்றாக ஏறிய பிறகு. அந்த நேரத்தில் திருப்பூர் வட்டாரத்தில் எந்த லைன் வீடு திறந்திருக்கும்? புருஷன், பெண்டாட்டி, வயதுக்கு வந்த பிள்ளை எல்லோரும் கம்பெனியில் இருப்பார்கள். கதவுகளில் வரிசையாகப் பூட்டுத் தொங்கும். நம் குழுவினர் அந்தப் பூட்டுகளைப் பார்த்தார்கள். "குடியிருப்போர் இல்லை" என்று பதிந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

இதில் யாரும் பொய் எழுதவில்லை. அந்த வீடுகள் நிறைந்து வழிவது ஊரில் எல்லோருக்கும் தெரியும், குழுவில் போனவர்களுக்கும் தெரியும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று நாம் பழக்கியிருக்கிறோம், அவர்கள் பார்த்தது பூட்டு. வேறு ஊரில் பூட்டிய வீடு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இங்கே பூட்டிய வீடு என்றால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே இதைத் தவற விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அந்த ஆண்டுக்கான கிராம சபை ஒரு விடுமுறை நாளில் கூடியது. ஒன்றியத்தின் சார்பில் சபையைக் கவனிக்கும் பற்றாளராக என்னை அனுப்பியிருந்தார்கள். பற்றாளர் தீர்மானம் போட முடியாது, ஓட்டுப் போட முடியாது. சபை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஊராட்சி அலுவலகத்தின் முன் பந்தல் போட்டு, கீழே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நுழைகிற இடத்தில் ஊராட்சிச் செயலர் மேசை போட்டு வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது ஆறேழு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"ஓட்டு எங்கீங்க?" என்றார் செயலர்.

"சாத்தூர்ல."

"அப்ப கையெழுத்து வேண்டாமுங்க. ஓரமா உக்காந்து பாருங்க."

அந்தப் பெண் மற்றவர்களோடு தார்ப்பாயின் கடைசி ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அந்தோணியம்மாள் என்று பிறகு பெயர் தெரிந்தது. ஒரு கம்பெனியில் டெய்லர், கணவர் காதர்பேட்டை ஜவுளிச் சந்தையில் பண்டல் ஏற்றி இறக்குகிறார். அந்தோணியம்மாள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அது மகள் ரெஜினா.

குடிநீர், சாக்கடை, பள்ளிக் கழிப்பறை, குப்பை வண்டி என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார்கள். மின் கட்டணத்துக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதில்தான் மற்ற வேலைகள். தெருவிளக்கில் அந்த ஆண்டு ஒரே ஒரு சாலைக்குத்தான் கம்பம் நட முடியும். எந்தச் சாலை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஊரிலிருந்து பால் சொசைட்டிக்குப் போகும் சாலை. லைன் வீடுகளில்தான் பதிவின்படி ஆளே இல்லையே.

செயலர் அதை வாசித்து முடிப்பதற்குள் அந்தோணியம்மாள் எழுந்துவிட்டார்.

"அய்யா, நாங்க ஒண்ணு சொல்லணும்."

முன்வரிசையில் இருந்த குப்புசாமி திரும்பிப் பார்த்தார். நாலு மாடும் ஒரு தோப்பும் வைத்திருக்கும் விவசாயி. இந்தப் பெண்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் அவருடையதுதான்.

"ஏனுங்க தலைவரே, ஓட்டு இல்லாதவங்க கிராம சபையில பேசலாமுங்களா? அப்பறம் நாளைக்கு ரோட்டுல போறவங்க எல்லாம் வந்து பேசுவாங்க."

"அதானே" என்று நாலைந்து குரல்கள். தலைவர் என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல, யாருடனும் பகை வேண்டாம் என்று நினைப்பவர். அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. ஒன்றிய அலுவலகம். "எல்லா ஊராட்சியும் முடிச்சுப் போட்டோ அனுப்பிட்டாங்க மேடம், உங்குளுது மட்டுந்தான் பாக்கி. பிரச்சினை எதுவும் வேண்டாம், சீக்கிரம் முடிங்க" என்றார்கள். உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் சரியாக யாராவது அவசரப்படுத்துவார்கள்.

என் முதல் மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கோபக்காரர், கோப்பைத் தூக்கி எறிவார், அவரிடம் நான் அழுதிருக்கிறேன். அவர் ஒருமுறை சொன்னார்: "ஒருத்தரை உக்காரச் சொல்றதுக்கு முன்னாடி எந்த விதிப்படின்னு மனசுக்குள்ள சொல்லிப் பாரும்மா. விதி ஞாபகத்துக்கு வரலீன்னா நீ உக்காந்துக்க."

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர். தீர்மானம் கொண்டு வருவதும் கை தூக்குவதும் கையெழுத்துப் போடுவதும் உறுப்பினர் உரிமை. வந்திருப்பவர் தன் குறையைச் சொல்லக்கூடாது என்று நான் படித்த எந்த விதியும் இல்லை.

எழுந்து அதைச் சொன்னேன். "இவங்க தீர்மானம் கொண்டு வர முடியாது, கை தூக்கவும் முடியாது. பேசறதைத் தடுக்க விதி இல்லீங்க. பேசட்டும்." குப்புசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னொன்றையும் அந்தோணியம்மாளிடம் சொன்னேன்: "நீங்க பேசலாம். அதுக்கு மேல என்னால உங்களுக்கு எதுவும் பண்ண முடியாது." அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் அவர்கள் கட்சி என்று அவர்களே நம்பிவிடுவார்கள்.

அந்தோணியம்மாள் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினார்.

"கம்பெனி வேன் எங்க லைனுக்கு வராதுங்கய்யா. ரோடு குறுகலு. முக்குல இறக்கிவிட்டுட்டுப் போயிரும். அங்கயிருந்து வீடு வரைக்கும் ஒரு விளக்குக் கிடையாது. ஒரு பக்கம் தோப்பு, ஒரு பக்கம் மூடிக் கெடக்கிற சாயப்பட்டறை. போன வாரம் ரெண்டு பேரு பைக்குல லைட்ட அமத்திட்டு எங்க பிள்ளைக பின்னாலயே வந்துருக்கானுக. இந்தா உக்காந்துருக்காளே, எம் மக, கையில இருந்த செல்ல புடுங்கப் பாத்துருக்கானுக. விழுந்து முட்டியெல்லாம் செராச்சுக்கிட்டு ஓடியாந்தா. அன்னையில இருந்து எனக்கு ஓவர்டைம் கெடையாது. நான் முன்னால ஓடியாந்து முக்குல நின்னு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாரேன். எத்தனை நாளைக்கு நிக்கிறது? வெளக்கு வரலைன்னா இவள ஊர்ல கொண்டுபோய் விட்டுறப் போறேன். அவங்க அப்பாவும் அதத்தான் சொல்றாரு. மாப்பிள்ளை பாத்து முடிச்சு விட்டுருவோம்னு."

அப்போதுதான் ரெஜினா தலையைத் தூக்கினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். சம்பளத்தைச் சேர்த்து வைத்து அடுத்த வருஷம் நர்சிங் படிக்கப் போக வேண்டும் என்பது அவள் கணக்கு. இதை அவள் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். ரெஜினா அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். என் மனம் அவள் பக்கம் போய்விட்டது. பற்றாளர் மேசையில் அதையெல்லாம் காட்டிக்கொள்ளக்கூடாது.

அந்தோணியம்மாள் உட்காரப் போனவர் மறுபடியும் நிமிர்ந்தார். "இன்னொண்ணுங்கய்யா. அந்த வீடுகள்ல ஆளே இல்லைன்னு எழுதியிருக்காங்களாம்ல. இல்லாத ஆளுககிட்ட இவரு எப்பிடி மாசாமாசம் வாடகை வாங்குறாரு?"

பந்தலே சிரித்தது. தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். குப்புசாமி சிரிக்கவில்லை.

அவர் எழுந்து பேசியதையும் நீங்கள் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. "சிரிங்க, சிரிங்க. நாங்க வருஷாவருஷம் மனுக் குடுத்துக் கேட்டுட்டு இருக்கறமுங்க அந்த ரோட்டுக்கு. விடியறதுக்கு முன்னால பால் கேனைத் தூக்கிட்டுப் போகோணும். எங்க ஊட்டுல அந்தச் சாக்கடைக்குள்ள விழுந்து காலுல பிளேட் வெச்சிருக்குதுங்க. இன்னிக்கு வந்தவங்க கேட்டாங்கன்னு எங்குளுதைத் தள்ளி வெச்சா, நாங்க எங்க போறது?"

அவர் மனைவி ருக்மணி பெண்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் காலைப் பற்றிக் கணவர் சபையில் சொன்னதும் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

வேலைப் பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். நான் சபையைப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தோணியம்மாள் பேசும்போது உச்சுக் கொட்டியவர்கள்தான். ஆனால் குப்புசாமி முகத்துக்கு முன்னால் யார் எழுவார்கள்? நாளைக்கு அவர் தோட்டத்து வழியாகத்தான் நடக்க வேண்டும், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்து மரியாதைக்கு இப்படி ஒரு சங்கடம் உண்டு.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "அடுத்ததுக்குப் போயிரலாமுங்களா மேடம்?"

நானே சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அது அதிகாரி திணித்த தீர்மானம் ஆகியிருக்கும், அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்திருப்பார்கள். அடுத்ததுக்குப் போகச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"டீ வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கடைசியில குடுக்கலாம்னு வெச்சிருக்கறமுங்க."

"இப்பவே குடுக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும், அந்த ஓரத்துல இருக்கறவங்களுக்கும்."

உங்களிடம் தனியாகச் சொல்கிறேன், இது என் தொழில் ரகசியம். சபை முட்டிக்கொண்டு நின்றால் டீயைக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுந்து பேச முடியாதவர்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து பேசுவார்கள். எல்லா நேரமும் பலிக்காது. பல முறை டீயைக் குடித்துவிட்டு முன்பைவிட அதிக பலத்துடன் சண்டை போட்டிருக்கிறார்கள்.

கைபேசி மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

ருக்மணி டீயை வாங்கிக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து தார்ப்பாய் ஓரத்துக்குப் போனார். அங்கே குனிந்து ரெஜினாவிடம் ஏதோ கேட்டார். அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினாள். ருக்மணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் இருந்த டீயை அவளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

டம்ளர்களை எடுத்துப் போன பிறகும் ருக்மணி உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்றனுங்க மேடம். எனக்கு ஓட்டு இங்கதான். இந்த வருஷம் அந்த வேன் முக்கு ரோட்டுக்கே லைட்டு போட்டுருங்க."

குப்புசாமி குரலைத் தணித்து, "உக்காரு, ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"ஊட்டுல பேசறதை ஊட்டுல பேசறனுங்க. இது சபை." ருக்மணி கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "விழுந்தது நானு, வலி எனக்குத் தெரியுமுங்க. ஆனா பாலுக்குப் போறப்ப இருட்டா இருந்தா சித்த நேரம் நின்னாப் போதும், விடிஞ்சுரும். சொசைட்டிக்காரங்ககிட்டக் கேட்டா அரை மணி தள்ளி வெச்சுக்குவாங்க. இந்தப் புள்ளைக எவ்வளவு நேரம் நின்னாலும் இருட்டு கூடத்தான் செய்யும், குறையாதுங்க."

பிறகு சொசைட்டியில் பால் அளக்கும் ஒருவர், "நேரத்தைத் தள்ளி வெச்சுக்கலாமுங்க, பால் வண்டிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறன்" என்றார். ஒரு வார்டு உறுப்பினர் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், கடைசியில் தலைவர். குப்புசாமி கை தூக்கவில்லை. அவர் ஆட்சேபத்தையும், பால் சொசைட்டிச் சாலைதான் அடுத்த ஆண்டு முதல் வேலை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். தோற்றவருடைய பேச்சை எழுதாமல் விடுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கம்பம் நடுவதற்குள் படாத பாடு பட்டோம், அதைச் சொல்லி உங்களை அலுக்க வைக்க மாட்டேன். விளக்கு எரிந்த அன்று அந்தோணியம்மாள் அங்கே இல்லை. கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சரியான கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வந்த மறுமாதமே குப்புசாமி வாடகையை ஏற்றிவிட்டார். "வெளிச்சமான எடம்" என்பது அவர் சொன்ன காரணம். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாம் போடும் திட்டம் ஒருவருக்கு நன்மை செய்தால் இன்னொருவர் அதற்கு விலை போட்டுவிடுவார். அதைத் தடுக்க நம்மிடம் விதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குக் குழு கிளம்பும்போது, லைன் வீடுகளுக்கு மட்டும் வேன் வந்து இறக்கிவிடும் நேரத்துக்குப் போகச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு கதவும் திறந்திருந்தது, எல்லா அடுப்பிலும் உலை கொதித்தது என்று வந்து சொன்னார்கள். இரண்டு வீட்டில் அவர்களைச் சாப்பிடச் சொன்னார்களாம்.

அந்தக் கிராம சபைக்கும் நான்தான் பற்றாளர். அதே பந்தல், அதே தார்ப்பாய், அதே மேசை. அந்தோணியம்மாள் முன்னால் வந்தார். பின்னால் லைன் வீட்டுப் பெண்கள், போன தடவையைவிட அதிகம். செயலர் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஓட்டு எங்கீங்க?"

"இங்கதான்."

செயலர் தலையைத் தூக்கினார். வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். அந்தோணியம்மாள் பெயர் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்களின் பெயர்களும் இருந்தன. பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். அந்தோணியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பின்னால் நீட்ட, ரெஜினா வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. நர்சிங் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள்.

தெருவிளக்கு முறை வந்தது. பால் சொசைட்டிச் சாலையை யார் முன்மொழிகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். குப்புசாமி எழப் போனார். அதற்குள் பின்னாலிருந்து அந்தோணியம்மாள் எழுந்துவிட்டார்.

"நான் முன்மொழியிறேன்யா. ருக்மணியக்கா போன வருஷம் எங்களுக்காக விட்டுக்குடுத்த ரோடு அது. கட்டாயம் போடணும்." குப்புசாமி பக்கம் திரும்பினார். "ஆனா இந்தத் தடவை வெளக்குப் போட்டா வாடகை ஏறக்கூடாது. அதையும் எழுதிக்கோங்க."

குப்புசாமி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பந்தலின் மேல்துணியைப் பார்த்தார். செயலர் பேனாவோடு என்னைப் பார்த்தார். "இதையும் எழுதறதுங்களா மேடம்?"

"வாடகை சபையோட வேலை இல்லீங்க, எழுத முடியாது" என்றேன். விதி விதிதான்.

ருக்மணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "எழுத வேண்டாமுங்க மேடம். இத்தனை பேர் காதுல விழுந்துருச்சு, அது போதும்." அந்தோணியம்மாளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "ஏறாது அம்மணி. இனி வாடகை வாங்க நாந்தான் வருவன்."